ஊ கெட்டுவிட்டது

குதுயா, ஆகஸ்ட் 20

தம்பி இஸ்தபானுக்கு,

சொல், என்ன சேதி? இங்கே நான் நலம், மாடுகள் நலம். உன் அத்தான் செமெனும் நலமாகத்தான் இருக்க வேண்டும். வாயைத் திறந்தால்தானே உறுதியாக எழுத முடியும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ அனுப்பிய உங்கள் அலுவலகத்து மக்கள் பிரதிநிதி தெரெந்தி லூகிச்சின் அறிக்கையை நான் படிக்கவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறையில் காற்று புகுகிற இடுக்கில் ஒட்டினேன். தாள் நல்ல கனம், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் முகம் உள்பக்கம் பார்த்து அமைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருக்கிறார். அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்து ஒரு பெரிய மனிதர் எதிரில் சிரித்துக்கொண்டு இருந்தால் எனக்கு அங்கே வந்த வேலை ஆகுமா? இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பிய்த்துத் திருப்பி ஒட்டினேன். அப்போதுதான் பின்பக்கம் எழுத்து இருப்பது தெரிந்தது. நான்காம் வகுப்போடு நின்றவள், விரல் வைத்துத்தான் படிப்பேன். ஒரு நாளைக்கு ஒரு முன்னுரிமை என்று ஐந்து நாளில் முடித்துவிட்டேன்.

'வடக்கின் ஐந்து முன்னுரிமைகள்.' ஒன்று, வைரச் சுரங்கத்துக்கு அகலமான சாலை. இரண்டு, வட்டத் தலைநகரில் மல்யுத்த அரங்கம். மூன்று, வீடுதோறும் நல்ல ஊ. நான்கு, சுரங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாகச் சதுக்கத்தில் நீரூற்று. ஐந்து, எதிர்காலம். ஐந்தாவதுக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது. நீரூற்று யோசனை யாருடையது? எட்டு மாதம் உறைந்து கிடக்கிற ஊரில் அது எதை ஊற்றும்?

மூன்றாவதைத் தபால் வண்டிக் குஸ்மாவிடம் படித்துக் காட்டினேன். "நல்ல ஊவா? தூக்கத்தச் சொல்றாருக்கா. அவைல ஒக்காந்து நாள் பூரா அவரு அதத்தான பண்றாரு. மிச்சம் விழுந்தத நமக்கு அனுப்புறாரு" என்றான். தண்ணீருக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து ஒரே 'ஊ'வை வைத்துவிட்டுப் போனார்களே நம் முன்னோர்கள், ஒரு சொல்லுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா?

சிரித்தாயிற்று. நீ தண்ணீரைத்தான் எழுதியிருப்பாய், தெரியும். அதனால் கேட்கிறேன். ஜூலையில் மேலே சுரங்கத்துக் கழிவுநீர் அணை உடைந்ததிலிருந்து மூரா ஆறு கொதித்து ஆறின தேநீர் நிறத்தில் ஓடுகிறது. மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்தது. நகரத்திலிருந்து இரண்டு பேர் வந்து பன்னிரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்தில் சொல்கிறோம் என்றார்கள்.

நவம்பரில் பனிக்கட்டி வெட்ட வேண்டும். குதுயாவின் நூற்று நாற்பது வீடும் குளிர்காலம் முழுக்க உருக்கிக் குடிக்கப்போவது அதைத்தான். ஆற்றில் வெட்டுவதா, ஏரியில் வெட்டுவதா என்று ஊர்ச் சபையில் இந்த வருஷம் முடிவு சொல்லும் முறை என்னுடையது. ஆறு வாசலில் இருக்கிறது, ஏரி பதினான்கு கிலோமீட்டரில். தப்பாகச் சொன்னால் ஊரே குடிக்கும். அந்தப் பாட்டில்கள் என்ன ஆயின என்று உன் அலுவலகத்தில் கேட்டு எழுது. தொலைபேசியில் வேண்டாம். அஞ்சலகத்து மார்ஃபா நான் பேசுவதற்கு முன்னால் தானே பதில் சொல்லிவிடுகிறாள்.

சார்கிலானாவுக்கு என் முத்தம். அனுப்பியிருக்கும் நெய்யை உன் பெண்டாட்டிக்குக் கொடு, நீயே வழித்துத் தின்றுவிடாதே.

உன் அக்கா பல்பாரா


யாகுத்ஸ்க், செப்டம்பர் 12

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ஒன்றுமில்லை, நீங்கள் சொல்லுங்கள். இங்கே இருவரும் நலம். நெய் கிடைத்தது.

அறிக்கை ஒட்டப்பட்ட இடத்தைப் பற்றித் தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம். மூன்றாவது முன்னுரிமை என் முயற்சியில் சேர்ந்தது. முதலில் பட்டியலில் நான்குதான் இருந்தது. 'தண்ணீர்' என்று நேராகப் போட்டால் சுரங்கத்தைக் குத்திக் காட்டுவதுபோல் இருக்கும் என்று தெரெந்தி லூகிச் கருதினார். அதனால் நம் மொழியில் 'ஊ' என்று மட்டும் போட ஒப்புக்கொண்டார். இதுவே பெரிய முன்னேற்றம்.

பாட்டில்களைப் பொறுத்தவரை, சுரங்க நிர்வாகமும் எங்கள் அலுவலகமும் சேர்ந்து அறிவிப்பு வெளியிடும். எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகவே அந்த அறிவிப்பில் இருக்கும்.

டிசம்பரில் எங்களுக்கு இரண்டு அறை வீடு ஒதுக்கப்போவதாகத் தெரெந்தி லூகிச் சொல்லியிருக்கிறார். சார்கிலானா இப்போதே திரைச்சீலைக்கு அளவு எடுக்கிறாள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இஸ்தபான்


குதுயா, செப்டம்பர் 28

தம்பிக்கு,

சொல். நாங்கள் எல்லாரும் நிற்கிறோம், நடக்கிறோம். மாடுகளுக்குக் குளிர்காலத் தொட்டியைச் செமென் செப்பனிட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசினார். "சுத்தி" என்றார்.

உன் கடிதத்தைச் சபையில் படித்தேன். "வரம்புக்குள்ள இருக்காம்" என்றதும் எல்லார் முகமும் தெளிந்தது. மார்ஃபா மட்டும், "வரம்புன்னா யாரு வரம்பு?" என்று கேட்டாள். பின்னே, அஞ்சலகத்தில் இருக்கிறவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான். "எந் தம்பி அந்த ஆபீஸ்லயே இருக்கான். அவனுக்குத் தெரியாததா?" என்று வாயை அடைத்தேன்.

ஆனால் உன் கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் வரிசையாக மேய்கிற மாடு மாதிரி இருக்கும். இந்த முறை நாய் துரத்தின மாடு மாதிரி இருக்கிறது. தூங்குகிறாயா இல்லையா? சின்ன வயதில் உனக்குத் தூக்கம் வராவிட்டால் அம்மா ஏரித் தாய்க்கு வெண்ணெய் அப்பம் போட்டு வேண்டிக்கொண்டு வருவாள், நீ மறுநாளே கட்டை மாதிரி கிடப்பாய். அலுவலகத்தில் உனக்கு என்ன கஷ்டம்? மறைக்காமல் எழுது. ஆறு உறையும்வரை வண்டி வராது. நீ எழுதினாலும் நவம்பரில்தான் என் கைக்கு வரும்.

அக்கா


யாகுத்ஸ்க், அக்டோபர் 10

அக்காவுக்கு,

ஒன்றுமில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

நலமாக இருக்கிறோம். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. இந்தக் கடிதமும் அலுவலகப் பையில்தான் வரும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஊ ரொம்பக் கெட்டுவிட்டது, அக்கா. இந்த வருஷம் ஏரிக்குப் போங்கள். நீங்கள் மட்டும் அல்ல, எல்லாரும் போனால் நல்லது.

வேறு விசேஷம் இல்லை.

இஸ்தபான்


குதுயா, நவம்பர் 16

என் கண்ணான தம்பிக்கு,

இப்போது சொல், தூங்கினாயா?

உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. மூன்றே வரிதான், படித்ததும் சால்வையைக்கூட எடுக்காமல் ஓடினேன். "பாருங்க, எந் தம்பிக்கு ஊ போச்சு" என்று தெருவில் போய்ச் சொன்னேன். எல்லாரும் போக வேண்டும் என்று நீ கேட்டிருந்தாயே, கேட்டதும் ஒருத்தர் தட்டவில்லை. முப்பத்தோரு பேர் நாலு சறுக்கு வண்டியில் ஏரிக்குப் போனோம். அப்பம் மட்டும் இரண்டு வாளி. உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, வெண்ணெய் தடவி ஒவ்வொன்றாக விட்டோம். "நகரத்துல இருக்கற எங்க இஸ்தபானுக்கு நல்ல ஊ குடு தாயே" என்று நான் கும்பிட, குஸ்மா பின்னால் நின்று, "அப்படியே அந்தத் தெரெந்தி லூகிச்சக் கொஞ்சம் எழுப்பியும் வுடு" என்றான். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏரி கோபித்துக்கொள்ளாது, அதற்கு நம்மைத் தெரியும்.

ஏரிப் பனி என்ன தெளிவு! உள்ளே வைத்தால் கல்யாண மோதிரம்கூடத் தெரியும். செமென் அதைக் கையால் தட்டிப் பார்த்து, "வெட்டலாமே" என்றார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர், அதில் ஒன்றை அங்கே செலவு செய்தார். நான்தான், "வரம்புக்குள்ள இருக்குன்னு தம்பியே எழுதிட்டான், எதுக்கு வீணா பதினாலு கிலோமீட்டர் இழுக்கணும்?" என்று திருப்பிக் கூட்டிவந்தேன்.

மறுநாளே ஆற்றில் இறங்கினோம். ஏழு நாளில் ஊர் முழுக்கப் போதுமான கட்டி அறுத்து அடுக்கிவிட்டோம். கொஞ்சம் மஞ்சள் தட்டுகிறது, பழைய பியானோக் கட்டை மாதிரி. ஆனால் வாசலில் அடுக்கி வைத்தால் பார்க்க அழகுதான்.

குதிரைப் பிடரி மயிர் அடைத்த தலையணை ஒன்று குஸ்மாவிடம் அனுப்பியிருக்கிறேன். தலையை வைத்ததும் ஊ தானாக வரும்.

அக்கா


யாகுத்ஸ்க், டிசம்பர் 27

அக்காவுக்கு,

ஒன்றுமில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தலையணை வந்தது. மிகவும் நன்றி. புது வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜன்னல் தெற்குப் பார்த்தது. சார்கிலானா எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிறாள்.

ஆற்றுப் பனிக்கட்டி இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ஏரியிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து தேநீர் போட்டுப் பார்த்தால் என்ன? ருசியில் வித்தியாசம் தெரியும் என்று சொல்கிறார்கள். குழந்தைகளுக்கு முதலில் கொடுத்துப் பாருங்கள்.

மாடுகள் எப்படி இருக்கின்றன?

இஸ்தபான்


குதுயா, ஜனவரி 19

இஸ்தபான்,

மாடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டாய். சொல்கிறேன்.

இருபத்து மூன்று பசு. கன்று ஈன வேண்டியவை பதினாறு. இதுவரை ஒன்பது ஈன்றன. ஏழு கன்று செத்துத்தான் விழுந்தது. ஏழாவதை நான் கையில் ஏந்தினேன், கோணிப்பை மாதிரி இருந்தது. தாய்ப்பசு நக்கிக்கொண்டே நிற்கிறது, எழுந்துவிடும் என்று. அதனிடம் யார் போய் வரம்பு பற்றிப் பேசுவது?

தேநீர் மேல் தோல் படர்கிறது, கரண்டியால் மடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிகின்றன. மருந்தகத்து அக்சீனியா நேற்று வந்து, "அக்கா, வெந்நீர் குடிக்கச் சொல்லியே எனக்கு வாய் வலிக்குது. எந்த வெந்நீர்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க" என்றாள். அந்த 'எந்த' என்கிற சொல் என்னைப் பிடித்து உலுக்கியது.

வீட்டுக்குப் போய் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தேன். விரல் வைத்துப் படித்தேன். டிசம்பர்க் கடிதத்தில் ஏரி. அக்டோபர்க் கடிதத்தில் ஏரி. அதற்கு முந்தின வரியில் 'ஊ ரொம்பக் கெட்டுவிட்டது.'

எந்த ஊ, இஸ்தபான்?

உன் தூக்கம் கெட்டதென்று முப்பத்தோரு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அப்பம் விட்டுவிட்டு வந்தேனே. நல்ல தண்ணீரின் மேலே நின்றுகொண்டு உனக்கு நல்ல தூக்கம் கேட்டுவிட்டு, மறுநாள் போய்க் கெட்ட தண்ணீரை அறுத்து வீடு வீடாக அடுக்கினேனே. செமென் வாயைத் திறந்து சொன்னதையும் கேட்கவில்லை. "எந் தம்பிக்குத் தெரியாததா" என்று மார்ஃபாவை அடக்கினேன். அவள் இப்போது என்னைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் தபாலைத் தருகிறாள். மார்ஃபா ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் குடிக்கிற தண்ணீர் விஷம் என்று எழுத உனக்கு எத்தனை எழுத்து செலவாகும்? நான்காம் வகுப்பு படித்த நானே எழுதிவிட்டேன், பார், இதோ மேலே இருக்கிறது. நவம்பரில் நான் சிரித்துச் சிரித்து எழுதின கடிதத்தைப் படித்துவிட்டு ஐந்து வாரம் என்ன செய்தாய்? ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா?

அந்தப் பாட்டில்களின் காகிதம் எனக்கு வேண்டும். பதில் எழுதும்போது 'ஒன்றுமில்லை' என்று தொடங்காதே. அப்படித் தொடங்கினால் மேற்கொண்டு படிக்க மாட்டேன், அடுப்பில் போடுவேன்.

சார்கிலானாவின் உடம்பு எப்படி? அவள் மேல் கோபம் இல்லை.

பல்பாரா


யாகுத்ஸ்க், பிப்ரவரி 10

அக்கா,

சொல்கிறேன்.

தண்ணீரைத்தான் எழுதினேன். யாராவது பையைப் பிரித்துப் படித்தால் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் மட்டும் தண்ணீர் என்று புரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். பையைப் பிரிப்பவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ தெரியாது. நீங்கள் தூக்கம் என்று புரிந்துகொண்டீர்கள்.

பாட்டில்களின் முடிவு என் மேஜைக்கு வந்தது செப்டம்பர் மூன்றாம் தேதி. பன்னிரண்டாம் தேதி உங்களுக்கு எழுதியபோது அது என் முழங்கைக்குக் கீழே இருந்தது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வரி: 'மனிதர்க்கும் கால்நடைக்கும் குடிக்கத் தகாது.' அதை அறிவிப்பாகத் திருத்தி எழுதியவனும் நான்தான். 'வரம்பு' என்ற சொல் என்னுடையது.

ஐந்து வாரம் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். உங்கள் நவம்பர்க் கடிதத்தைத் தினமும் படித்தேன். அப்பத்தை எண்ணிப் பார்த்தேன். இரண்டு வாளியில் எத்தனை இருக்கும்?

வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வேலையையும். தெற்கே, ரயில் முடிகிற ஊருக்குப் போகிறோம். சார்கிலானாவின் அண்ணன் அங்கே இருக்கிறார். விலாசம் பின்பக்கம். அவள் நலம். திரைச்சீலையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

தலையணையில் ஒரு நாளும் தூங்கவில்லை.

இஸ்தபான்


குதுயா, மார்ச் 14

இஸ்தபானுக்கு,

காகிதம் வந்தது. சபையில் நின்று நானே படித்தேன். செப்டம்பரில் உன் கடிதத்தைப் படித்த அதே இடத்தில் நின்று, "அன்னைக்கி நாஞ் சொன்னது பொய். இதுதான் நெஜம்" என்றேன். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, ஏரிக்கி எப்பப் போறது?" என்று மட்டும் மார்ஃபா கேட்டாள்.

போனோம். ஐம்பது டிகிரிக் குளிர், டிராக்டரில் டீசல் கூழாகிவிட்டது, குதிரை பூட்டித்தான் இழுத்தோம். நவம்பரில் ஒரு முழம் அறுத்தால் போதுமாக இருந்த பனி இப்போது என் மார்பு உயரம். வைரத்தை வெட்டி எடுக்க அவர்களிடம் வீடு அகலத்துக்கு இயந்திரம் இருக்கிறது. எங்களிடம் செமெனின் ரம்பம்.

ஆற்றுக் கட்டிகளைச் சபை வாசலில் சுவராக அடுக்கியிருக்கிறோம். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

வந்தவர் யார் தெரியுமா? உங்கள் தெரெந்தி லூகிச்! இரண்டு லாரி பின்னால் வர, கழிப்பறையில் சிரித்த அதே சிரிப்போடு இறங்கினார். "மூணாவது முன்னுரிமையச் சொன்னபடி நிறைவேத்திட்டோம்" என்றார். லாரியை அவிழ்த்தார்கள். உள்ளே என்ன என்கிறாய்? மெத்தை. இருநூற்று எண்பது மெத்தை, வீட்டுக்கு இரண்டு. 'வீடுதோறும் நல்ல ஊ' என்று நீ எழுதியதை நிதித்துறையில் ஒரு புண்ணியவான் ரஷ்ய மொழியில் தூக்கம் என்று பெயர்த்துவிட்டானாம். பணமும் அந்தக் கணக்கில் ஒதுக்கியாகிவிட்டதாம்.

நான் கேட்டேன், "ஐயா, இத உருக்கிக் குடிக்கணுமா, இல்ல அப்படியே நனைச்சுப் பிழியணுமா?"

"சொல்லு ஒண்ணுதானம்மா, யாரு வேணா எப்படி வேணா எடுத்துக்கலாம். அடுத்த வருஷம் திருத்திக்கலாம்" என்றார்.

"அடுத்த வருஷம் வரைக்கும் என் பசு தாகத்தோட நிக்குமா? ஏழு கன்னு போச்சு. இந்தக் காயிதம் செப்டம்பர்லயே ஒங்க ஆபீசுக்கு வந்திருக்கு. அப்ப எங்கய்யா போயிருந்தீங்க?"

"யாரு குடுத்தா இத ஒனக்கு?"

"ஏன், ஒங்களுக்கு அது போதுமா? அதுல என்ன எழுதியிருக்குன்னு வேணாமா?"

சரி, விருந்தாளி ஆயிற்றே என்று ஆற்றுக்கட்டி உருக்கித் தேநீர் போட்டு நீட்டினேன். மேலே தோலோடு. நம் வீட்டுக்கு வந்தவர் தேநீரை மறுத்து நீ பார்த்திருக்கிறாயா? அவர் மறுத்தார். "வயிறு சரியில்லம்மா" என்றார். குஸ்மா வண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னான்: "அக்கா, பின் சீட்ல மூணு பெட்டி பாட்டில் தண்ணி வச்சிருக்காருக்கா! வயிறு முன்கூட்டியே சரியில்லாம இருந்திருக்கு!"

யாரும் மெத்தையை இறக்கவில்லை. லாரி வந்த சுமையோடு திரும்பிப் போனது. நூற்று நாற்பது வீடும் கையெழுத்துப் போட்டு மனு எழுதியிருக்கிறோம்: கோடையில் ஆழ்கிணறு வேண்டும், அதுவரை தண்ணீர் லாரி வேண்டும். தபாலில் போட்டால் அது யாருடைய முழங்கைக்குக் கீழே போகும் என்று எனக்கு இப்போது தெரியும். எப்போது, எப்படிக் கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. ஆனால் நீ வேலையை விட்டது எனக்குத் தெரிகிறது. வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன், சார்கிலானாவுக்கு.

அப்பம் நூற்றெண்பது.

அக்கா


ரயிலடி, மார்ச் 28

அக்காவுக்கு,

சொல்கிறேன். நலமாக இருக்கிறோம். இங்கே ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவுகிறேன்.

உங்களுக்குப் பயன்படாத செய்திதான், இருந்தாலும் எழுதுகிறேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை தெரெந்தி லூகிச்சின் அலுவலகத்தில் சுரங்க முதலீட்டாளர் கூட்டம். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். ஐந்து முன்னுரிமைகளின் புதிய பதிப்பு, இரண்டாயிரம் பிரதி, முந்தின நாளே வரவேற்பறை மூலையில் தரையில் அடுக்கியிருக்கும். அந்த அறையில் வெப்பக்குழாய் மிகவும் சூடு. ஜன்னல் திறக்காது. வாசல் பக்கம் தரை சற்று மேடு, மூலைப் பக்கம் பள்ளம்.

உறைந்த ஆற்றின் மேல் போகிற குளிர்காலச் சாலை ஏப்ரல் பதினைந்துவரை தாங்கும் என்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இஸ்தபான்


குதுயா, ஏப்ரல் 13

என் தம்பி இஸ்தபானுக்கு,

சொல், சார்கிலானா வெண்ணெயைத் தின்றாளா? நாங்கள் எல்லாரும் நலம். திங்கட்கிழமை ஒரு கன்று உயிரோடு விழுந்தது. ஏரித் தண்ணீர் குடித்த பசு. கிடாரி. எழுந்து நின்றதும் முதல் வேலையாகச் செமெனை முட்டியது. "அட" என்றார்.

உன் கடிதத்தை இந்த முறை நான் சரியாகப் படித்தேன் என்று நினைக்கிறேன். விரல் வைத்து, இரண்டு தடவை.

மனுவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, சாட்சிக்கு ஆற்றுக் கட்டி ஒன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குஸ்மாவும் நானும் இரண்டு நாளில் நகரம் போய்ச் சேர்ந்தோம். ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு வாசலில் நின்றோம். வரவேற்பறைப் பெண் மரியாதையானவள். மனுவுக்கு எண் போட்டு முத்திரை குத்தித் தந்தாள். ஐநூற்றுப் பன்னிரண்டு. பனிக்கட்டிக்கும் ஒரு எண் போடச் சொன்னேன்.

"பனிக்கட்டி ஆவணம் இல்லம்மா" என்றாள்.

"அப்ப இத எங்க வைக்கறது? கை மரத்துப்போச்சு தாயி."

"நடுவழில வைக்காதீங்க, விருந்தாளிங்க வர்றாங்க. அந்த மேட்டுல, ஓரமா, குழாய்ப் பக்கமா வையுங்க."

அவள் சொன்ன இடத்தில்தான் வைத்தோம். பிரதிநிதி கூட்டத்தில் இருக்கிறார், மதியத்துக்கு மேல் பார்க்கலாம் என்றாள். காத்திருக்க எங்களுக்குத் தெரியும், ஜூலையிலிருந்து காத்திருக்கிறவர்கள்தானே. வெளியே போய் ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப் குடித்தோம். நகரத்தில் சூப் தண்ணீராக இருக்கிறது, ஆனால் தண்ணீர் நன்றாக இருக்கிறது.

மதியம் திரும்பிவந்தபோது கூட்டம் முடிந்து விருந்தாளிகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பத்திரிகைக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன நாத்தம் இது?" என்று கேட்டாள். "மூரா ஆறும்மா, குதுயாவுல இதத்தான் குடிக்கிறோம்" என்று சொல்லி, காகிதத்தின் நகலைக் கொடுத்தேன். நின்றவாறே கடைசி வரிவரை படித்தாள். கைப்பையிலிருந்த பாட்டிலைக் காலி செய்து, தரையிலிருந்து கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். தெரெந்தி லூகிச் கதவில் நின்றார். அவர் சிரிக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கழிப்பறையில் ஒட்ட அந்த முகம் எவ்வளவோ மேல்.

மற்றபடி சொல்வதற்கு ஒன்றுமில்லை. பனிக்கட்டி உருகிவிட்டது. தண்ணீர் மூலைப் பக்கம் போனது. இரண்டாயிரம் பிரதியும் நனைந்து, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாகவும், இப்போது ஒரே பிரதியாக இருப்பதாகவும் மறுநாள் விசாரித்தபோது அந்தப் பெண் சொன்னாள். குஸ்மாவின் இடது கால் கம்பளிப் பூட்ஸும் நனைந்துவிட்டது. வண்டிக் குழாய் மேல் காயப்போட்டோம். சற்றுக் கருகிவிட்டது.

உன் அக்கா பல்பாரா